மனச்சோர்வு மாத்திரை, கூடும் எடை, விட முடியாத சிகரெட்

கேள்வி: எனக்கு வயது 38. மனச்சோர்வுக்காக ஒன்பது மாதமாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறேன். மனம் நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனால் எடை 6 கிலோ கூடிவிட்டது. தினமும் எட்டுப் பத்து சிகரெட் பிடிக்கிறேன்; அதை விட்டால் இன்னும் குண்டாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் பியூப்ரோபியான் என்ற மாத்திரையால் சிகரெட்டையும் விட்டார், எடையும் குறைந்தது என்கிறார். நானும் அதற்கு மாறலாமா?

பதில்:

உங்கள் மைத்துனர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. பியூப்ரோபியானை மனச்சோர்வுக்கும் தருகிறார்கள், புகையை விடுவதற்கும் தருகிறார்கள். எடையைக் கூட்டாத மிகச் சில மனச்சோர்வு மருந்துகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது உங்களுக்கு ஏற்றதா என்பதை முடிவு செய்ய, நீங்கள் எழுதியவற்றைவிட எழுதாமல் விட்டவைதான் எனக்கு முக்கியம்: சிறுவயதில் வலிப்பு வந்ததா, குடிப்பழக்கம் உண்டா, இரவில் தூக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தலையில் எப்போதாவது பலமாக அடிபட்டதா. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. எடை கூடிய எரிச்சலில் இப்போதைய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனம் தேறியபின் எடையைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்தி, சில மாதங்களில் மறுபடி படுக்கையில் விழுந்து வருபவர்களை மனநல மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எஸ்சிட்டலோபிராமைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற ஓர் உணர்வு எல்லாம் வரலாம். பேரொக்சிட்டின், வென்லாஃபாக்சின் மாத்திரைகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நிறுத்துவதானாலும் மாற்றுவதானாலும், படிப்படியாக, எழுதித் தந்தவரின் கண்காணிப்பில்தான்.

இனி அந்த 6 கிலோ. அவ்வளவையும் மாத்திரையின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

அமெரிக்காவில் 1,83,118 பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து எட்டு மனச்சோர்வு மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஆறு மாதத்தில் மற்ற மருந்துகளில் எடை எவ்வளவு வேறுபட்டது என்று பார்த்தார்கள். எஸ்சிட்டலோபிராமில் 0.41 கிலோ அதிகம், பேரொக்சிட்டினில் 0.37 கிலோ அதிகம், டுலாக்சிட்டினில் 0.34 கிலோ அதிகம். ஃபுளூவாக்சிட்டினில் வேறுபாடு இல்லை. பியூப்ரோபியானில் 0.22 கிலோ குறைவு. ஆகவே சராசரியை மட்டும் பார்த்தால், மாத்திரைக்கு மாத்திரை உள்ள வித்தியாசம் முக்கால் கிலோவைக்கூடத் தாண்டவில்லை. சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் மனிதர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கோ அதற்கு மேலோ கூடும் வாய்ப்பு, செர்ட்ராலினைவிட எஸ்சிட்டலோபிராமில் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகவும், பியூப்ரோபியானில் 15 சதவீதம் குறைவாகவும் இருந்தது. நீங்கள் அந்த எடை கூடும் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம்.

அப்படியானால் மிச்ச எடை எங்கிருந்து வந்தது? முதலில், நோயே பசியைத் தின்றுவிடுகிறது. மனச்சோர்வில் எடை இழந்த ஒருவர் தேறியதும் நன்றாகச் சாப்பிடுகிறார், எடை ஏறுகிறது. அதில் இழந்ததைத் திரும்பப் பெற்றது எவ்வளவு, புதிதாகக் கூடியது எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நோய் வருவதற்கு முன் உங்கள் எடை என்னவாக இருந்தது? அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். மாத்திரை தொடங்கிய நாளின் எடையோடு ஒப்பிடாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் மருந்துச் சீட்டை எடுத்து மறுபடி பாருங்கள். தூக்கத்துக்கென்றோ பதற்றத்துக்கென்றோ, தீவிர மனநோய்க்குத் தரும் ஓலான்சபின் அல்லது குவெட்டியாபின் சிறிய அளவில் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதா? உங்கள் கேள்வியில் எஸ்சிட்டலோபிராமை மட்டுமே சொல்கிறீர்கள். ஆனால் பலர் “பெரிய மாத்திரை”யை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, இரவில் போடும் சின்ன மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். எடை விஷயத்தில் ஓலான்சபினுக்கு முன்னால் எஸ்சிட்டலோபிராம் வெறும் சாது. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் வால்புரோயேட்டும் எடையைக் கூட்டுவதுதான். அந்தச் சின்ன மாத்திரை இருந்தால், மாற்ற வேண்டியது எது என்பதே வேறாகிவிடும்.

மூன்றாவது, தைராய்டு. அது குறைவாகச் சுரந்தால் மனமும் சோரும், எடையும் கூடும். ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு பார்ப்பது செலவு குறைந்த பரிசோதனை. இதுவரை பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள்.

மருந்துகளுக்குள் உள்ள வேறுபாட்டை ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. எடையைக் கூட்டுவதில் முன்வரிசையில் நிற்பது மிர்ட்டசாபின். அது மூளையில் ஹிஸ்டமின் ஏற்பியை அடைத்துவிடுகிறது. தூக்கமும் வருகிறது, பசியும் கிளம்புகிறது. சாப்பாட்டை வெறுத்து எலும்பும் தோலுமாகிப்போன முதியவருக்கு இதுவே வரம். பழைய மருந்தான அமிட்ரிப்டிலினும் எடை கூட்டும் வகைதான். தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் இன்றும் சிறிய அளவில் அதை எழுதுகிறார்கள். ஃபுளூவாக்சிட்டினில் முதல் சில மாதங்களில் எடை சற்றுக் குறையும், பிறகு பழைய நிலைக்கே வந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பத்தாண்டுக் காலப் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், எடை கூடும் வாய்ப்பு மருந்து தொடங்கிய இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் உச்சத்தில் இருந்தது. முதல் மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. மாதம் ஒருமுறை ஒரே எடை இயந்திரத்தில், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்து வைப்பதுதான் ஒரே வழி. இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துக் குறியுங்கள். நம் ஊர்க்காரர்களுக்குத் தொந்தியில் சேரும் கொழுப்பே சர்க்கரை நோய்க்கு நேர்வழி. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம்மவர்களுக்கான எல்லை.

இப்போது பியூப்ரோபியான். இதன் வரலாறே கொஞ்சம் முரட்டு வரலாறு. 1969இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் நாரிமன் மேத்தா என்ற வேதியியலாளர் உருவாக்கிய மருந்து இது. மற்ற மனச்சோர்வு மாத்திரைகள் பெரும்பாலும் செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, இது டோபமின், நார்அட்ரினலின் என்ற வேறு இரண்டின் பக்கம் போனது. 1985 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. புலிமியா என்னும் உணவு நோய் உள்ளவர்களிடம் சோதித்தபோது, எதிர்பாராத எண்ணிக்கையில் வலிப்பு வந்ததே காரணம். உச்ச அளவை நாளுக்கு 450 மி.கி. என்று குறைத்து 1989இல் மறுபடி விற்பனைக்கு விட்டார்கள். அந்தப் பழைய பயம் இன்றும் இந்த மருந்தின் மேல் நிழலாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

புகைப் பக்கம் இது வந்ததில் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய லிண்டா ஃபெர்ரி என்ற மருத்துவருக்குப் பெரும் பங்கு உண்டு. படைவீரர்களிடம் அவர் செய்த சிறிய சோதனைகளில், மாத்திரை சாப்பிட்டவர்கள் சிகரெட்டை விடுவது எளிதாவதைக் கண்டார். பிறகு பெரிய சோதனைகள் நடந்தன. 1997இல் சைபான் என்ற பெயரில் புகையை விடுவதற்கான மருந்தாக அதே பியூப்ரோபியான் அனுமதி பெற்றது. நிக்கோடின் கலக்காத முதல் புகை விடுப்பு மாத்திரை அதுதான்.

அதே ஆண்டில் வெளியான, 615 பேர் கலந்துகொண்ட சோதனையை உங்கள் கேள்விக்காகவே நடத்தினார்களோ என்று தோன்றும். தினம் 300 மி.கி. சாப்பிட்டவர்களில் ஏழு வாரம் முடிவில் 44 சதவீதத்தினர் புகைக்காமல் இருந்தார்கள்; மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 சதவீதத்தினர். ஓராண்டு கழித்துப் பார்த்தால் 23க்கு 12. விட்டவர்களுக்கு எடை கூடியதையும் அளந்தார்கள்: வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 2.9 கிலோ, 300 மி.கி.காரர்களுக்கு 1.5 கிலோ. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். விட்டவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் பழைய பாதைக்குப் போய்விட்டார்கள். அடுத்தது, பியூப்ரோபியான் சாப்பிட்டும் அவர்களுக்கு எடை கூடவே செய்தது. கூடும் அளவுதான் பாதியானது. “எடையைக் குறைக்கும் மாத்திரை” என்று உங்கள் மைத்துனர் சொல்வதை இந்த அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு செய்தி, அந்தச் சோதனை நடந்த வேளையில் மனச்சோர்வில் இருந்த யாரையும் அதில் சேர்க்கவில்லை. ஆகவே இந்த மருந்து சோர்வைப் போக்கி அதன் வழியாகத்தான் புகையை விடவைக்கிறது என்று சொல்ல முடியாது. நிக்கோடின் அமரும் ஏற்பிகளையும் இது ஓரளவு அடைக்கிறது. நிக்கோடின் இல்லாத மூளையின் தவிப்பையும் தணிக்கிறது.

மற்ற மனச்சோர்வு மாத்திரைகளுக்கு இந்தக் குணம் உண்டா என்றால், பழைய நார்ட்ரிப்டிலினுக்கு மட்டும் உண்டு. நீங்கள் சாப்பிடும் எஸ்சிட்டலோபிராமின் வகையைச் சேர்ந்தவை புகையை விடுவதற்கு உதவுவதாகத் தெரியவில்லை. ஆகவே “மனச்சோர்வு மாத்திரைதான் சாப்பிடுகிறேனே, சிகரெட் தானாக விட்டுப்போகும்” என்று காத்திருக்க வேண்டாம்.

எடை குறைப்புக்கென்றே பியூப்ரோபியானை நால்ட்ரெக்சோனோடு சேர்த்து ஒரே மாத்திரையாக்கி 2014இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். குடியை நிறுத்துவதற்காக நம் ஊர் மறுவாழ்வு மையங்களில் தருகிறார்களே, அதே நால்ட்ரெக்சோன்தான். சுமார் ஓராண்டில் உடல் எடையில் 6 சதவீதம் குறைந்தது, வெற்று மாத்திரையில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். அதுவும் குறைவாகச் சாப்பிட்டு, நடந்து, உடற்பயிற்சி செய்தவர்களுக்கு. மைத்துனர் சாப்பிட்டது தனி பியூப்ரோபியானா, இந்தக் கூட்டு மாத்திரையா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சிகரெட்டை விட்டால் எடை கூடும் என்ற உங்கள் பயம் ஆதாரமில்லாததல்ல. நிக்கோடின் பசியை அடக்குகிறது, உடல் எரிக்கும் சக்தியையும் சிறிது கூட்டுகிறது. அது போனதும் பசி திரும்புகிறது, வாய் எதையாவது மெல்லத் தேடுகிறது. மருந்து உதவி இல்லாமல் விட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக நாலரைக் கிலோவுக்குச் சற்று மேல் கூடியதாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு உண்டு. பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் ஏறிவிடுகிறது. ஆனால் அதே ஆய்வில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு எடை குறைந்திருக்கிறது. எட்டில் ஒருவருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை இல்லை. இதயத்தைப் பொறுத்தவரை கணக்கு தெளிவாகவே இருக்கிறது: புகையை விட்டதால் வரும் நன்மையை அந்த நாலைந்து கிலோ அழித்துவிடுவதில்லை. எடையைக் காட்டி சிகரெட்டைக் கையில் வைத்திருப்பவர், என் பார்வையில், சிகரெட்டுக்காக வாதாடுகிறார், எடைக்காக அல்ல.

“விட்டால் மனச்சோர்வு திரும்பிவிடாதா” என்று அடுத்து கேட்பீர்கள். முதல் சில வாரங்கள் கடினம்தான்: எரிச்சல், தூக்கக் கேடு, மனம் ஒரு வேலையில் ஒட்டாமை. பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியவர்களின் மனநிலை, தொடர்ந்து புகைப்பவர்களின் மனநிலையைவிடச் சிறப்பாக இருக்கிறது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை, அந்த முன்னேற்றம் மனச்சோர்வு மாத்திரைகள் தரும் அளவுக்கு ஒப்பானது என்றே கணித்தது. சிகரெட் பதற்றத்தைத் தணிக்கிறது என்று நாம் நம்புவது, முந்தைய சிகரெட்டின் போதை இறங்கியதால் வந்த பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிப்பதைத்தான். ஆனால் உங்கள் மனம் இன்னும் தள்ளாடிக்கொண்டிருக்கும் மாதத்தில் தொடங்காதீர்கள். இப்போது தேறியிருக்கிறீர்கள், அதனால் இது நல்ல நேரம்.

மருத்துவமனையில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிகரெட்டோ பீடியோ, புகையில் உள்ள தார் வகைப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதி சில மருந்துகளை வேகமாகச் சிதைத்து வெளியேற்றுகிறது. புகைப்பவரின் ரத்தத்தில் டுலாக்சிட்டின் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே நிற்கிறது. ஃபுளூவாக்சமின், ஓலான்சபின், குளோசபின் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. புகையை விட்டதும் சில நாள்களிலேயே நொதி பழைய வேகத்துக்கு வந்துவிடும்; அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் ஏறும் மருந்து அதிகம். குளோசபின் சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லாமல் புகையை நிறுத்தினால் அது ஆபத்தாகவே முடியலாம். ஓலான்சபினில் மயக்கமும் பசியும் கூடும். அதைச் “சிகரெட்டை விட்டதால் வந்த எடை” என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இந்த வேலையைச் செய்வது புகை, நிக்கோடின் இல்லை. ஆகவே தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டைக்கோ மெல்லும் கம்முக்கோ மாறினாலும் நொதி அடங்கத்தான் செய்யும். சிகரெட்டை விட்டு வாயில் புகையிலை அடக்கிக்கொள்பவருக்கும் அப்படியே. அதை நான் பரிந்துரைக்கவில்லை, வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர்வழி.

உங்கள் எஸ்சிட்டலோபிராமை இந்த நொதி பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் காபியைத் தொடுகிறது. புகையை விட்டபின் அதே அளவு காபி குடித்தால் ரத்தத்தில் காஃபின் இரு மடங்குக்கும் மேல் ஏறலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று வந்து, “சிகரெட் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை” என்ற முடிவுக்குத் தள்ளிவிடும். சிகரெட்டை விட நாள் குறித்தபின் காபியைப் பாதியாகக் குறையுங்கள். சென்னையில் நாலு டம்ளர் டிகிரி காபி குடிப்பவருக்கு இது சிகரெட்டை விடுவதைவிடக் கடினமாகப் படலாம்.

இனி, பியூப்ரோபியான் யாருக்குக் கூடாது. வலிப்பு நோய் இருப்பவர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்து குணமானவர்களும், தலையில் பலமாக அடிபட்டவர்களும் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டினி கிடப்பது, அளவுமீறித் தின்று வாந்தி எடுப்பது போன்ற உணவு நோய் உள்ளவர்களுக்குக் கூடாது. எடை குறைக்கும் ஆசையில் இந்த மருந்தைத் தேடுபவர்களில் சிலர் இந்த நோயைத்தான் மறைத்து வைத்திருப்பார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தினமும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துபவர்களுக்கும், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவற்றைத் திடீரென நிறுத்துபவர்களுக்கும் வலிப்பு அபாயம் பல மடங்கு. நம் ஊரில் எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையாக விற்கிறது. உங்கள் அட்டையின் பின்புறம் இரண்டு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்குவது இரட்டை ஆபத்து. இவை ஏதும் இல்லாதவருக்கு 300 மி.கி. அளவில் வலிப்பு ஆயிரத்தில் ஒருவருக்கு வரலாம். 450இல் ஆயிரத்தில் நால்வருக்கு. தூக்கம் கெடுவது, வாய் உலர்வது, ரத்த அழுத்தம் ஏறுவது சாதாரணம். பதற்றம் மிகுந்தவர்களுக்கு அதைக் கூட்டவும் செய்யலாம். மெட்டபுரோலால் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு அந்த மருந்தின் வேலையையே குறைத்துவிடக்கூடும்.

மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்குப் புகை விடும் மாத்திரை மனத்தைக் குலைத்துவிடும் என்று 2009இல் அமெரிக்க அரசு, மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. பிறகு எட்டாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட சோதனை நடந்தது. அதில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். மாத்திரைகளால் அப்படிப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை என்று 2016இல் முடிவு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே எச்சரிக்கை நீக்கப்பட்டது. 9 முதல் 24 வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள், புகையை விடுவதற்கான இன்னொரு மாத்திரையான வரெனிக்லினில் 22 சதவீதம், பியூப்ரோபியானில் 16, நிக்கோடின் பட்டையிலும் 16, வெற்று மாத்திரையில் 9. புகையை விடுவது மட்டுமே நோக்கம் என்றால் பியூப்ரோபியான் முதலிடத்தில் இல்லை.

உங்களிடத்தில் நான் இருந்தால் எஸ்சிட்டலோபிராமைத் தொட மாட்டேன். அது உங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. வேலை செய்யும் மாத்திரையை அரைக் கிலோவைச் சற்றே தாண்டும் சராசரிக்காக விடுவது லாபமில்லாத வியாபாரம். முதலில் தைராய்டும் சர்க்கரையும் பார்ப்பேன். புகை விடுவதற்கு நாள் குறித்து, நிக்கோடின் பட்டையோ கம்மோ, வரெனிக்லினோ கேட்பேன். வலிப்பு அபாயம் ஏதும் இல்லை, எடை உண்மையிலேயே உறுத்துகிறது என்றால், பியூப்ரோபியானை எஸ்சிட்டலோபிராமோடு கூடச் சேர்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பேன். இரண்டையும் சேர்த்துத் தருவது மனநல மருத்துவத்தில் வழக்கமான ஒன்றுதான். எடையையும் புகையையும் ஒரே வாரத்தில் பிடிக்கப் போவதில்லை. முதல் மூன்று மாதம் சிகரெட், அதுவரை எடையை நிறுத்தி வைத்தால் போதும்.

மருத்துவர் பியூப்ரோபியான் எழுதித் தந்தால், குறித்த நாளுக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும்; மருந்து ரத்தத்தில் நிலைபெற அவ்வளவு நாள் ஆகும். அதுவரை சிகரெட் பிடித்தாலும் பரவாயில்லை. வழக்கமாக மூன்று நாள் தினம் ஒரு 150 மி.கி., பிறகு காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டுக்கும் இடையில் எட்டு மணி நேரமாவது வேண்டும், இரண்டாவதைப் படுக்கப் போகும் நேரத்துக்குத் தள்ளினால் தூக்கம் போய்விடும். ஏழு முதல் பன்னிரண்டு வாரம் வரை சாப்பிடுவார்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரட்டையாகப் போடக் கூடாது. மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மாத்திரை இது. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதென்று உடைத்தோ பொடித்தோ சாப்பிட்டால், பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும், வலிப்புக்கு அதுவே போதும். மாத்திரை இல்லாமல் முயன்று பார்க்க விரும்பினால், உங்கள் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். மனம் சரிவதாகத் தோன்றினால் 14416. அது அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.